வகுப்புக்கு மணி அடிக்கும், ஆய்வேட்டுக்கு?

இந்தக் கடிதம் ஓர் ஆசிரியையிடமிருந்து வந்தது. நான்கு பக்கம். எழுதியவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 38. செவிலியர் மாணவர்களுக்குச் சுகாதாரக் கல்வி கற்பிக்கிறார். வாரத்துக்கு 14 மணி நேரம் வகுப்பு, வகுப்பில் 60 பேர். கூடவே பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. இது மூன்றாவது வருடம். நோயாளிக்குப் புரியும்படி விளக்கிச் சொல்லும் திறன் மாணவர்களிடம் எப்படி வளர்கிறது என்பது ஆய்வுத் தலைப்பு. இன்சுலின் போட்டுக்கொள்வதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கற்றுத்தரும் பயிற்சியை வைத்து ஆராய்கிறார். போன வருடம் துறையின் பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவுக்கும் அவரையே பொறுப்பாக்கிவிட்டார்கள். “இதைத்தானே ஆராய்ச்சி பண்றீங்க, உங்களுக்கு ஈஸிதானே” என்றாராம் துறைத் தலைவர்.

கடிதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. காலையில் ஆய்வேட்டுக் கோப்பைத் திறக்கிறார். கோப்பின் பெயர் ‘அத்தியாயம் 2 இறுதி புதியது 3’. விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவே 40 நிமிடம் ஆகிறது. ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் மாணவர் குழுவிலிருந்து செய்தி: “மேடம், நாளைக்கு டெஸ்ட் எந்த யூனிட் வரைக்கும்?” பதில் போடுகிறார். போனைக் கையில் எடுத்ததும் பாடத்திட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய அட்டவணை ஞாபகம் வருகிறது, அதையும் முடிக்கிறார். மதியம் கோப்பை மூடும்போது ஆய்வேட்டில் கூடியிருப்பது ஒரே ஒரு வரி. “அதையும் நெறியாளர் அடித்துவிடுவார்” என்று எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பது இது. ஆய்வை விட்டுவிடலாமா? வேலைக்கு ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்புப் போடலாமா? அல்லது மூன்றையும் ஒன்றாக்கிவிடலாமா? அதாவது, இரண்டு வருடமாக வகுப்பில் வாங்கி வைத்திருக்கும் 240 ஃபீட்பேக் படிவங்களை ஆய்வுத் தரவாக்கி, புதிய பாடத்திட்டத்தையே ஓர் அத்தியாயமாக வைத்துவிட்டால் என்ன? பின்குறிப்பாக இன்னொரு சின்னக் கேள்வியும் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் ‘என்னிடம் ஒழுங்கு இல்லை’ என்ற வரி மூன்று இடத்தில் வருகிறது. கூடவே, இந்த வருடம் ஒரு வகுப்பைக்கூட ரத்து செய்யவில்லை, பாடத்திட்டக் குழுவின் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்கில்லாதவர் செய்கிற காரியமா இது? வகுப்புக்கு மணி அடிக்கிறது, 60 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். குழுவுக்குத் தேதி இருக்கிறது, வராவிட்டால் போன் வரும். ஆய்வேட்டுக்காக மட்டும் இன்றைக்கு யாரும் உங்களைக் கூப்பிடப்போவதில்லை. இன்று எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. எட்டு மாதம் எழுதாவிட்டால்தான் தெரியும். இருபது வருடமாக ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கிறேன். பகுதிநேர ஆய்வாளர்களில் பாதியில் நின்றவர்களை நினைத்துப் பார்த்தால், திறமை போதாமல் நின்றவர்கள் குறைவு. தட்டுகிற கதவையெல்லாம் திறந்துகொண்டே இருந்து, தட்டாத கதவை மறந்தவர்கள்தான் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. உப்பைக் குறையுங்கள், நடங்கள் என்று நோயாளியிடம் சொன்னால் மட்டும் போதாது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரோடு நடப்பீர்கள் என்று கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர் நீங்கள். எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே குறித்துவிடும் தீர்மானம் வெறும் நல்லெண்ணத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதியதும் உங்கள் பாடத்துக்குப் பக்கத்து வீட்டு விஷயம். உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட திட்டமோ, ‘அடுத்த மாதத்திலிருந்து தினமும் நான்கு மணி நேரம்’. ஒரு நோயாளி உங்களிடம் இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

முதலில் நேரக் கணக்கு

பருவத்துக்கு மூன்று அசைன்மென்ட் தருவதாகவும், ஒவ்வொன்றையும் திருத்த 20 நிமிடம் ஆவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 60 பேர், மூன்று தடவை, 20 நிமிடம்: 60 மணி நேரம். ஓர் அத்தியாயத்தின் முதல் வரைவை எழுத இதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் ஆகும். அசைன்மென்டை இரண்டாகக் குறையுங்கள். மதிப்பெண் அளவுகோலை முன்கூட்டியே எழுதி மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எல்லோரும் செய்கிற ஏழெட்டுத் தவறுகளை வகுப்புக்குப் பொதுவாக ஒரே தாளில் எழுதிவிட்டு, தனித்தாளில் இரண்டே குறிப்பு எழுதினால் 12 நிமிடத்தில் ஒரு தாள் முடியும். மொத்தம் 24 மணி நேரம். மிச்சம் 36. பதினைந்து வாரப் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உங்கள் கைக்கு வருகிறது.

மாணவர்களுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது என்பீர்கள். பருவக் கடைசியில் திருப்பித் தரும் தாளில் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுவார்கள். ஓரத்தில் நீங்கள் சிவப்பு மையில் எழுதியதைப் படிக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். முதல் அசைன்மென்டில் சொன்ன குறையை இரண்டாவதில் சரிசெய்திருக்கிறார்களா என்பதற்கே மதிப்பெண் வைத்தால் படிப்பார்கள். இரண்டு அசைன்மென்ட் மூன்றைவிட நல்ல பாடமாகவே ஆகிவிடும்.

கிடைக்கும் நேரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, வாரத்தில் இரண்டு கிழமைகளில், தலா ஒன்றரை மணி நேரமாக வையுங்கள். ஞாயிறு வேண்டாம். ஞாயிறு எல்லோருக்கும் பொதுவான நாள், யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். வேலை நாள் ஒன்றில், கல்லூரிக்குள்ளேயே, உங்கள் அறையில் இல்லாமல் நூலகத்தில் உட்காருங்கள். துறைக் கால அட்டவணையில் அந்தக் கட்டத்தை ‘ஆய்வு’ என்று நிரப்பச் சொல்லுங்கள். காலியாக இருக்கிற கட்டத்தில்தான் மீட்டிங் வந்து உட்காரும்.

அந்த 40 நிமிடத் தேடலுக்கும் ஒரு வழி உண்டு. எழுந்திருக்கும் முன் கோப்பின் மேலே ஒரே ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள். ‘அத்தியாயம் 2 தொடர வேண்டும்’ என்று எழுதினால் பிரயோஜனமில்லை. ‘அட்டவணை 2-இல் உள்ள மூன்று ஆய்வுகளும் மாணவர் திறனை எதை வைத்து அளந்தன என்று ஒரு பத்தி’ என்று எழுதுங்கள். அடுத்த தடவை உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கும். ‘இறுதி புதியது 3’ வகைப் பெயர்களை விட்டுவிட்டுத் தேதியைப் பெயராக வையுங்கள். நானும் ‘கடைசி’ என்று பெயர் வைத்து ஆறு கோப்பு வைத்திருந்தவன்தான்.

பாடத்திட்ட வேலையில் எது ஆய்வாகும்?

துறைத் தலைவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய ஆபத்தும் இருக்கிறது. மருத்துவக் கல்விக்காக டேவிட் கெர்னும் சக ஆசிரியர்களும் 1998-இல் வெளியிட்ட ஆறு படி முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: பிரச்சினை என்ன, பொதுவாக என்ன தேவை என்று பார்ப்பது, நம் மாணவர்களின் தேவை என்ன என்று பார்ப்பது, குறிக்கோள்களை எழுதுவது, கற்பிக்கும் வழிகளைத் தேர்வது, நடைமுறைப்படுத்துவது, மதிப்பிடுவது. இதை உங்கள் ஆய்வேட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் இரண்டு படியும் கடைசிப் படியும் ஆய்வோடு ஒட்டும். முதல் படிக்கு நீங்கள் படிக்கும் கட்டுரைகள் ஏறக்குறைய உங்கள் இலக்கிய மீளாய்வுக்கு, அதாவது இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் பகுதிக்கு, வேண்டிய கட்டுரைகளே. ஒரு தடவை படித்து, இரண்டு இடத்தில் பயன்படுத்தலாம். இரண்டாவது படியையும் கடைசிப் படியையும் முறையான ஆய்வு வடிவத்தில், முறையான அனுமதியோடு செய்தால் அவை தனித்தனிக் கட்டுரைகளாகவே நிற்கும். கட்டுரைகளைத் தொகுத்து ஆய்வேடாக அளிக்க உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று விதிமுறைக் கையேட்டைப் பாருங்கள். அனுமதித்தால் உங்கள் நிலைமைக்கு அதுதான் பொருத்தம்.

நடுவில் இருக்கும் மூன்று படிகள்தான் உங்களை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த யூனிட் எந்தப் பருவத்தில், யாருடைய பாடத்தில் கை வைத்தால் யாருக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் தேவையான வேலைதான். அதில் ஒரு வரிகூட ஆய்வேட்டுக்குள் போகாது. ‘புதிய பாடத்திட்டத்தையே ஓர் அத்தியாயமாக வைக்கலாமா’ என்றால், வைக்கக்கூடாது. புறத்தேர்வாளர் உங்களிடம் கேட்கப்போவது ‘என்ன தயாரித்தீர்கள்’ என்பதைவிட ‘என்ன கண்டுபிடித்தீர்கள், அது எப்படித் தெரியும்’ என்பதைத்தான். பாடத்திட்ட ஆவணம் பின்னிணைப்பில் போகட்டும்.

அதனால் குழுவிலிருந்து முழுக்க விலக வேண்டாம். தலைமைப் பொறுப்பை வேறொருவரோடு பகிர்ந்துகொண்டு, தேவை ஆய்வும் மதிப்பீடும் உங்களுடையது, அட்டவணையும் ஒருங்கிணைப்பும் அவருடையது என்று பிரியுங்கள். துறைத் தலைவரிடம் இதை வேண்டுகோளாகக் கொண்டுபோவதைவிட ஏற்பாடாகக் கொண்டுபோவது நல்லது. யார் எதைச் செய்வார், எந்தத் தேதிக்குள், நீங்கள் எதைச் செய்யமாட்டீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வாய்வார்த்தையாகப் பேசிவிட்டு வந்தால் அடுத்த மாதம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்னொன்று. குழுவாகத் தயாரித்த பாடத்திட்டம் பெரும்பாலும் நிறுவனத்துக்குச் சொந்தம். உங்கள் பணி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஆய்வேட்டில் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதிலிருந்து கட்டுரை வந்தால் யார் யார் ஆசிரியர்கள் என்பதை எழுத ஆரம்பிக்கும் முன்பே பேசி முடியுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பது. நான்கும் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டவருக்கு நன்றிப் பகுதி போதும்.

அந்த 240 படிவங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இந்த இடம்தான்.

கையில் தரவு இருக்கிறது, பாதி ஆய்வு முடிந்த மாதிரி என்று நினைக்கிறீர்கள். முதலில் அந்தப் படிவங்களில் என்ன இருக்கிறது? ‘வகுப்பு பயனுள்ளதாக இருந்தது’, ‘மேடம் நன்றாக விளக்கினார்’. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சி மதிப்பீட்டை நான்கு நிலையாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தையில் மாற்றம் வந்ததா, அதனால் விளைவு வந்ததா. உங்கள் படிவங்கள் முதல் நிலையோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் ஆராய்வது திறன் எப்படி வளர்கிறது என்பதை. ‘நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒரு தடவை சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று ஒரு மாணவி நோயாளியிடம் கேட்கிறாளா, அவர் தப்பாகச் சொன்னால் திட்டாமல் திரும்ப வேறு மாதிரி விளக்குகிறாளா என்பது படிவத்தில் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, நெறிமுறை. அந்தப் படிவங்கள் வகுப்பை மேம்படுத்த வாங்கியவை. ஆய்வுக்குப் பயன்படும் என்று மாணவர்களிடம் சொல்லவில்லை, எதிக்ஸ் கமிட்டியிடமும் கேட்கவில்லை. முடிந்துபோன தரவு சேகரிப்புக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் தர கமிட்டிகள் பொதுவாகச் சம்மதிப்பதில்லை. பெயரில்லாத பழைய தரவைப் பயன்படுத்த முறைப்படி விண்ணப்பித்தால் சில கமிட்டிகள் விதிவிலக்கோ அனுமதியோ தரலாம். தரலாமா என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள். நீங்களாக ‘பெயர்தான் இல்லையே’ என்று முடிவுசெய்து உள்ளே சேர்த்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், அனுமதி அடுத்த வாரம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் தன் மாணவர்கள் 180 பேரிடம் வினாத்தாள் வாங்கினார். கமிட்டி வேறு மாற்றங்கள் கேட்டது, அனுமதி நான்கு மாதம் கழித்து வந்தது. அத்தனை தாளையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். நேர்மையானவர்தான், அவசரம்தான் காரணம்.

மூன்றாவது, நீங்கள் அவர்களுக்கு மதிப்பெண் போடுபவர். ‘விருப்பமிருந்தால் மட்டும் கலந்துகொள்ளுங்கள்’ என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னாலும், உங்கள் வகுப்பு மாணவிக்கு ‘மாட்டேன்’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறையாக 1964-இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட ஹெல்சின்கி அறிவிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒப்புதல் கேட்பவரைச் சார்ந்திருக்கிற நிலையில் பங்கேற்பவர் இருந்தால், அந்த உறவுக்கு வெளியே உள்ள தகுந்த ஒருவர்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். அங்கே மருத்துவரும் நோயாளியும் என்றால் இங்கே ஆசிரியரும் மாணவரும். ஆகவே ஆய்வை விளக்குவதும் ஒப்புதல் வாங்குவதும் உங்களிடம் படிக்காத, உங்களுக்குக் கீழே வேலை செய்யாத ஒருவராக இருக்கட்டும். யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்பது மதிப்பெண் வெளியாகும் வரை உங்களுக்குத் தெரியக்கூடாது. முடியுமானால் வேறொரு கல்லூரி மாணவர்களை எடுத்துக்கொள்வது இன்னும் சுத்தம்.

240 படிவமும் வீண் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வருட வகுப்பை எங்கே மாற்றுவது என்று அவை சொல்லும், பாடத்திட்டக் குழுவில் எடுத்து வைக்கலாம். அவை எதற்காக வாங்கப்பட்டனவோ அதற்கு நன்றாகவே உதவும்.

விடுவதா, விடுப்பா?

ஆய்வை விடுவது தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். நல்ல ஆசிரியர்கள் சிலர் விட்டிருக்கிறார்கள், அவர்கள் வகுப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் பரீட்சைத் தாள் திருத்தும் மாதத்தில் இந்த முடிவை எடுக்காதீர்கள். மேலே சொன்ன ஏற்பாட்டை ஒரு பருவம் முழுக்க நடத்திப் பார்த்துவிட்டு, அப்போதும் கோப்பைத் திறக்கவே வெறுப்பாக இருந்தால் யோசிக்கலாம்.

சம்பளமில்லா விடுப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் ஆய்வுக் களமே வகுப்பும் பயிற்சி வார்டும். வருடம் முழுக்க விலகி நின்றால் களம் கைவிட்டுப்போகும், வருமானமும் போகும். வருடம் முழுதும் கையில் இருக்கும்போது ஆய்வேடு இன்னும் மெதுவாக நகர்வதையும் பார்த்திருக்கிறேன். எழுதும் கட்டத்துக்கு வந்தபின், தரவெல்லாம் கையில் இருக்கும்போது, மூன்று மாத விடுப்பு எடுத்தால் அதற்குப் பலன் உண்டு. இப்போது அதைச் செலவழிக்காதீர்கள்.

பல்கலைக்கழகத்தில் கால நீட்டிப்பு, தற்காலிக இடைநிறுத்தம் என்று இரண்டு வசதி பொதுவாக இருக்கும். இடைநிறுத்தத்தில் பெரும்பாலும் காலக் கெடு ஓடாமல் நிற்கும். நீட்டிப்பில் கெடு தள்ளிப்போகும், கட்டணம் தொடரலாம். இரண்டுக்கும் கெடு முடியும் முன்பே, காரணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். இவற்றைக் கேட்பது பலவீனம் என்று நினைத்துச் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பதிவு ரத்தாகும் கடிதம் வந்தபின் ஓடி வருகிறவர்களுக்குத்தான் உதவ முடியாமல் போகிறது.

நெறியாளர் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மாதமாக அவருக்கு எதுவும் அனுப்பவில்லை, நல்ல அத்தியாயமாக அனுப்பலாம் என்று காத்திருக்கிறேன் என்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அனுப்புங்கள். ‘நின்றுபோயிருக்கிறேன். இணைத்திருக்கும் நான்கு பக்கத்தில் வாதம் சரியான திசையில் போகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று இரண்டு வரி போதும். மாதத்துக்கு ஒரு தேதி கேளுங்கள். கையில் ஒன்றுமில்லாத மாதத்திலும் போய் உட்காருங்கள். ஆய்வேட்டுக்காகத் தட்டுகிற ஒரு கை அப்போது கிடைத்துவிடும். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் ‘நாம் பேசியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்’ என்று அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நோயாளியிடம் கேட்கச் சொல்லி மாணவிகளுக்குக் கற்றுத்தருகிறீர்களே, அதே முறை. அடித்துவிடுவார் என்று பயந்த வரியைப் பற்றியும் ஒன்று: நெறியாளர் அடிப்பதற்கு வரி வேண்டும். அடித்த வரியிலிருந்து அத்தியாயத்தை வளர்க்கலாம், காலிப் பக்கத்தை வைத்துக்கொண்டு அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

‘கற்பிப்பதில் செலவழித்த வருடங்கள் வீண்’ என்ற வரியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கற்பித்தலும் புலமைதான் என்று அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990-இலேயே வாதிட்டார். புதிதாகக் கண்டறிவது, ஒருங்கிணைப்பது, நடைமுறையில் பயன்படுத்துவது ஆகியவற்றோடு கற்பித்தலையும் ஒரே வரிசையில் வைத்தார். ஊசியைப் பிடிக்கும்போது மாணவியின் கை எங்கே தயங்குகிறது, நோயாளி ‘சரி சரி’ என்று தலையாட்டும்போது உண்மையில் புரிந்ததா என்று பார்க்கிற கண் உங்களுக்கு வகுப்பிலிருந்துதான் வந்தது. உங்கள் ஆய்வுக் கேள்வியே அங்கே பிறந்தது.

விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வதாக ஓரிடத்தில் எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். தூக்கக் குறைவும் எதிலும் நாட்டமில்லாமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் நீங்கள். தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். பருவம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பின்குறிப்பில், மேற்கோள் பட்டியலை இப்போதிருக்கும் மென்பொருளிலிருந்து வேறொன்றுக்கு மாற்றலாமா, எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள். இரண்டு நாள் சுறுசுறுப்பாக வேலை செய்த மாதிரி இருக்கும், அத்தியாயம் 2 அதே இடத்தில் இருக்கும்.